ஓடாத நாளின் செலவு: டீசல் தட்டுப்பாடும் பிக்கப் வைத்திருப்போரும்

சிறு பிக்கப் ஒன்று வாங்க நினைப்பவர் முதலில் விசாரிப்பது, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதைத்தான். விசாரிக்க வேண்டிய விஷயந்தான். ஆனால் 2022ஐ ஒரு டீசல் வாகனத்தோடு கடந்து வந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று தெரியும்: டீசல் கிடைக்காமல் வாகனம் ஒரு கிழமை வாசலில் நின்றால் கையிலிருந்து எவ்வளவு போகும்? இதற்கு விடை தெரியாமல் பட்டாவோ பொலேரோவோ ஹைலக்ஸோ வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கியவர்கள் இந்த அத்தியாயத்தைப் பென்சிலும் கொப்பியுமாக இருந்து படியுங்கள்.

2022இல் நடந்தது

இலங்கையில் அந்த வருடம் டீசல் இல்லாமல் போனதற்குக் காரணம், அதை வாங்க நாட்டிடம் டொலர் இல்லை என்பதே. கப்பல் துறைமுகத்துக்கு வெளியே வந்து நிற்கும். காசு கட்டும்வரை இறக்க விடமாட்டார்கள். சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் மசகெண்ணெய் இல்லாமல் பலமுறை மூடப்பட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. இந்தியாவின் கடனுதவியில் வந்த எரிபொருள் கொஞ்ச நாள் மூச்சுவிட வைத்தது. அதுவும் தீர்ந்தபோது, ஜூன் 27 முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றாகிவிட்டது.

விலையைப் பாருங்கள். 2021 டிசம்பரில் ஓட்டோ டீசல் லீற்றர் 121 ரூபா. 2022 மார்ச்சில் 176. ஏப்ரலில் 289. மே மாதத்தில் 400. ஜூன் கடைசியில் 460. அரை வருடத்துக்குள் நாலு மடங்குக்குக் கிட்ட ஏறிவிட்டது. புதிய ரக இயந்திரங்களுக்குச் சிபாரிசு செய்யப்படும் சுப்பர் டீசல் 520 ரூபாவைத் தொட்டது.

ஜூலை நடுப்பகுதியில் கியூஆர் குறியீட்டு முறை வந்தது. கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கும் வானுக்கும் 20, லொறிக்கு 50 என்று தொடக்கத்தில் பங்கு வைத்தார்கள். வரிசை குறைந்தது; அந்தளவில் அது நல்ல ஏற்பாடு. ஆனால் சந்தைக்குச் சாமான் ஏற்றுகிறவருக்கு 50 லீற்றர் எதுவரை போதும்? யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு ஏ9 வீதியில் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். போய் வர 500. சுமையோடு லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வாகனம் என்றால் சரியாக 50 லீற்றர். கிழமைக்கு ஒரேயொரு தம்புள்ளைப் பயணம். அதற்குமேல் பக்கத்துச் சந்தைக்குப் போகவும் டீசல் இல்லை.

கியூஆர் முறை 2023 செப்டம்பர் 1ஆம் திகதி நீக்கப்பட்டது. அதோடு தட்டுப்பாடு வரலாற்றுக்குள் போய்விட்டது என்று நினைப்பது ஆபத்து. 2025 மார்ச் தொடக்கத்தில், தரகுப்பணம் தொடர்பான பிணக்கில் நிரப்பு நிலைய உரிமையாளர்கள் புதிய கொள்வனவுக் கட்டளை போடமாட்டோம் என்று சொன்னதுதான் தாமதம், பல ஊர்களில் செட் வாசலில் வரிசை நின்றது. நாட்டில் எண்ணெய் இருந்தும் உங்கள் ஊர்ச் செட்டில் இல்லாமல் போக இவ்வளவு போதும். விலைத் திருத்தம் மாத முடிவில் வருவதால், விலை குறையும் என்று தெரிந்தால் சில உரிமையாளர்கள் நட்டத்துக்குப் பயந்து பவுசர் எடுப்பதைத் தள்ளிப்போடுவார்கள். ஆகவே மாதத்தின் கடைசி இரண்டு மூன்று நாளில் தூரப் பயணம் இருந்தால் அதற்கு முன்பே தாங்கியை நிரப்பிவிடுங்கள்.

கிலோமீற்றர் கணக்கு

இனிப் பென்சிலை எடுங்கள். வாகனச் செலவு இரண்டு வகை. ஓடினால் வருவது ஒன்று: டீசல், ரயர், ஒயில், பில்டர், பிரேக். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருவது மற்றது: லீசிங் தவணை, காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, சாரதியின் சம்பளம். அனேகமானோர் முதலாவதை மட்டும் மனக்கணக்காக வைத்திருக்கிறார்கள். வாகனத்தைக் கைவிட வைப்பது இரண்டாவது.

ஓர் உதாரணம். தொகைகள் விளக்கத்துக்காக நான் போட்டவை. உங்கள் தொகையை அவற்றின் இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். லீசிங் மாதம் 65,000. சாரதிக்கு 45,000. காப்புறுதி, அனுமதிப்பத்திரம் முதலியவற்றை வருடத்துக்குக் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்தால் 10,000. ஆக மாதம் 120,000 ரூபா, வாகனம் அசைந்தாலும் அசையாவிட்டாலும்.

மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடினால் இந்த நிலையான செலவு கிலோமீற்றருக்கு 40 ரூபா. டீசல் 121 ரூபா விற்ற காலத்தில், லீற்றருக்கு 10 கிலோமீற்றர் கணக்கில், டீசலுக்கு 12 ரூபா. இரண்டும் சேர்ந்து 52.

அதே வாகனம் தட்டுப்பாட்டில் மாதம் 1,000 கிலோமீற்றர்தான் ஓடியது என்று வையுங்கள். டீசல் 460. கிலோமீற்றருக்கு டீசல் 46 ரூபா. நிலையான செலவு 120 ரூபா. ஆகமொத்தம் 166.

கூடிய தொகை 114 ரூபா. அதில் டீசல் விலையேற்றத்தால் வந்தது 34 மட்டுமே. மிச்சம் 80 ரூபா, வாகனம் ஓடாமல் நின்றதால் வந்தது. டீசல் விலையைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, வாகனக்காரரின் பொக்கற்றில் பெரிய ஓட்டை வேறு பக்கத்தில் இருந்தது. இதைப் புரிந்துகொண்டால், தட்டுப்பாட்டுக்குத் தயாராவது என்றால் என்ன என்பதும் புரியும். கானில் டீசல் சேர்ப்பதைவிட நிலையான செலவைக் குறைத்து வைப்பதே முதல் வேலை. தவணை சிறியதாக இருக்க வேண்டும். முற்பணம் கூடக் கட்ட முடிந்தால் கட்டுங்கள். கட்ட முடியாவிட்டால் விலை குறைந்த வாகனத்துக்குப் போங்கள்.

லீசிங் எடுத்தவர்களுக்கு இன்னொரு சொல். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதற்குப் பிறகு புதிதாகக் கடன் எடுத்தவர்கள் கொடுத்த வட்டி முதுகெலும்பை முறித்தது. எண்ணெய் இல்லாமல் போகும் காலமும் வட்டி ஏறும் காலமும் சேர்ந்தே வருவதற்குக் காரணம், இரண்டும் டொலர்த் தட்டுப்பாட்டில் பிறப்பவை என்பதுதான். ஆகவே ஒப்பந்தத்தில் வட்டி வீதம் நிலையானதா, மாறக்கூடியதா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். தவணை கட்ட முடியாத நிலை வரும்போலிருந்தால், தவறுவதற்கு முன்பே நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்து, கடிதத்தின் பிரதியில் முத்திரை குத்தி வாங்கி வையுங்கள். மூன்று தவணை தவறி, வாகனத்தை ‘சீஸ்’ பண்ண ஆள் வந்து நிற்கும்போது பேசுவதற்கு ஒன்றும் இருக்காது.

ஓடும் செலவுக்கு வருவோம். கொம்பனி சொல்லும் கணக்கை வைத்துக்கொண்டு ஹயர் பேச வேண்டாம். உங்கள் வாகனம் உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்பதை நீங்களே அளக்கலாம். தாங்கியை வாய்வரை நிரப்பி, மீற்றர் எண்ணைக் குறியுங்கள். வழமையான சுமையோடு ஓடுங்கள். அடுத்தமுறை திரும்ப வாய்வரை நிரப்பும்போது எத்தனை லீற்றர் பிடித்தது என்று பார்த்து, ஓடிய தூரத்தை அதனால் பிரியுங்கள். இதை வெறும் வாகனத்தோடு ஒருதரம், முழுச்சுமையோடு ஒருதரம் செய்து இரண்டையும் எழுதி வையுங்கள். திடீரென்று ஒரு மாதம் இந்த எண் இறங்கினால் வாகனம் ஏதோ சொல்கிறது: ரயர் காற்றோ, அடைத்த காற்றுவடிகட்டியோ, இன்ஜெக்டரோ, கலப்பட டீசலோ.

ரயருக்கும் இதே முறைதான். நாலு ரயரும் 160,000 ரூபாவாகி 40,000 கிலோமீற்றர் உழைத்தால் கிலோமீற்றருக்கு 4 ரூபா. அந்த 4 ரூபாவை ஒவ்வொரு பயணத்திலும் எடுத்து ஒதுக்கி வைக்காதவர், ரயர் தேய்ந்த அன்று கடன் கேட்டு அலைவார். அளவுக்குமேல் ஏற்றி ஓடினால் 40,000 என்ற எண் வேகமாகச் சுருங்கும். அந்த இலாபம் இலாபம் அல்ல.

ஹயர் பேசும் விதம்

வியாபாரியோடு வாகனக்காரருக்கு மனக்கசப்பு வருவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்.

“தம்பி, போன மாசம் வந்த காசுக்குத்தானே வருவாய்?”

“இல்லையண்ணை. டீசல் இருவது ரூபா ஏறிட்டுது. கிலோமீற்றருக்கு ரெண்டு ரூபா கூடத் தரவேணும்.”

இந்தத் தம்பி சரியாகப் பேசுகிறார். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வாகனத்துக்கு, டீசல் 10 ரூபா ஏறினால் கிலோமீற்றருக்கு 1 ரூபா கூடும். 500 கிலோமீற்றர் பயணத்துக்கு 500 ரூபா. வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்ய வேண்டியது இது. நிரந்தர வாடிக்கையாளர் என்றால் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இன்றைய டீசல் விலை இவ்வளவு, ஹயர் இவ்வளவு, டீசல் ஏறினால் இந்தக் கணக்கில் ஏறும், இறங்கினால் இறங்கும். இறங்கும்போது நீங்களாகவே குறைத்துக் கொடுங்கள். ஒருமுறை அப்படிக் குறைத்தவரிடம் அடுத்தமுறை ஏற்றும்போது யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

வெறும் வாகனமாகத் திரும்புவது தட்டுப்பாட்டுக் காலத்தில் மன்னிக்க முடியாத வீண்செலவு. வடக்கிலிருந்து சின்ன வெங்காயம், வாழைக்குலை, மீன் போகிறது. தம்புள்ளையிலிருந்து கரட்டும் லீக்ஸும் கோவாவும் வருகிறது. இரண்டு பக்கச் சுமைக்கும் ஆள் வைத்திருப்பவர் அதே 50 லீற்றரில் இரண்டு வருமானம் எடுப்பார். ஒரே ஊரில் நாலு விவசாயிகள் தனித்தனியாக அரைச்சுமை அனுப்புவதை விட்டு ஒரு வாகனத்தில் சேர்த்து அனுப்பினால், பங்கு டீசலில் நாலு பேரின் விளைச்சலும் சந்தைக்குப் போகும். விவசாயச் சங்கங்கள் இதை முன்னின்று செய்ய வேண்டும். தனி வாகனக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைத் தனியே ஒழுங்குபடுத்துவது கடினம்.

டீசலுக்குள் என்ன இருக்கிறது

தட்டுப்பாடு கராச்சுக்குக் கொண்டுவரும் செலவைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. 2022இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்தபோது டீசல் 400ஐத் தாண்டி நின்றது. ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் 340 ஆக்கப்படும்வரை அந்த இடைவெளி நீடித்தது. ஒன்றோடொன்று எளிதில் கலக்கும் இரண்டு எண்ணெய்க்கு இவ்வளவு விலை வித்தியாசம் இருந்தால் கலப்படம் நடக்காமல் இருக்குமா? அடுப்புக்கும் மீன்பிடிப் படகுக்கும் வேண்டிய எண்ணெய் வாகனத் தாங்கிக்குள் போனது.

யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க்கு வேறொரு மரியாதையும் உண்டு. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் டீசலும் பெற்றோலும் வடக்குக்குத் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் ஊதி இயந்திரத்தை ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்யில் ஓடிய மோட்டார் சைக்கிள்களையும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களையும் கண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்த மனிதர்களின் மூளைக்கும் விடாமுயற்சிக்கும் தலைவணங்க வேண்டும். ஆனால் அவை காபரேற்றர் வைத்த பெற்றோல் இயந்திரங்கள். அந்த அனுபவத்தை இன்றைய டீசல் பிக்கப்புக்குக் கொண்டுவரக் கூடாது.

காரணம் இது. டீசல் இயந்திரத்தின் உயரழுத்தப் பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது. அதன் ஊடாகப் போகும் டீசலே அதற்கு வழுவழுப்பைக் கொடுக்கிறது. மண்ணெண்ணெய்யில் அந்த வழுவழுப்பு குறைவு. புதிய ஹைலக்ஸ், எல்200, டி-மேக்ஸ் போன்றவற்றின் கொமன் ரெயில் அமைப்பு ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்வது. அங்கே உலோகம் உலோகத்தோடு உரசினால் பம்பிலிருந்து உதிரும் தூள் இன்ஜெக்டர்கள் முழுவதற்கும் போய்ச் சேரும். பிறகு பம்ப், இன்ஜெக்டர், குழாய் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுவார்கள். சில நூறு லீற்றர் மலிவு எண்ணெய்யில் மிச்சம் பிடித்த காசு அதற்குக் காணாது. பழைய பட்டாவின் 702 சிசி, இரண்டு சிலிண்டர் இயந்திரம் எளிமையானது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். அதற்காக அதற்கும் ஊற்ற வேண்டாம்.

கலப்படத்தைவிட அடிக்கடி வருவது தண்ணீர். தட்டுப்பாட்டில் செட்டின் நிலத்தடித் தாங்கி அடிமட்டம்வரை இறைக்கப்படும்; அடியில் கிடந்த தண்ணீரும் மண்டியும் உங்கள் வாகனத்துக்கு வரும். இதைச் சாரதியே பார்க்க முடியும். என்ஜின் பக்கத்திலோ சட்டகத்தின் ஓரத்திலோ டீசல் பில்டர் இருக்கும். அதன் அடியில் ஒரு சிறு திருகு. இரவு முழுவதும் அசையாமல் நின்ற வாகனத்தில், காலையில் ஸ்ராட் பண்ணும் முன்பு, கீழே ஒரு கண்ணாடிப் போத்தலைப் பிடித்து அந்தத் திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். முதலில் வடிவதைப் போத்தலோடு வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் படிந்து, மேலே டீசலோடு ஒரு தெளிவான கோடு போட்டு நிற்கும். சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிட்டுத் திருகை இறுக்குங்கள். சில வாகனங்களில் மேலேயுள்ள கைப்பம்பைச் சில தடவை அமத்தினால்தான் வடியும். தட்டுப்பாட்டுக் காலத்தில் கிழமைக்கொருதரம் இதைச் செய்வது நல்லது. டாஷ்போர்டில் பில்டர் வடிவத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தால் அன்றே, அந்த இடத்திலேயே செய்ய வேண்டும்.

தாங்கியை வற்றவிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அடிமட்டத்தில் ஓடும்போது மண்டி பில்டருக்குள் போகிறது. முழுதாக வற்றி நின்றால் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிடும். பிறகு டீசல் ஊற்றினாலும் காற்றை எடுக்காமல் ஸ்ராட் ஆகாது. பற்றரி இறங்கும்வரை சாவியைத் திருகிக்கொண்டிருப்பார்கள். கைப்பம்ப் இறுகும்வரை அமத்திவிட்டு ஸ்ராட் பண்ணச் சொல்லிச் சாரதிக்கு முன்பே பழக்கிவையுங்கள். சாதாரண நாளிலும் தாங்கி பாதிக்கு வந்தவுடன் நிரப்பும் பழக்கம் இருந்தால், வதந்தி பரவும் முதல் நாளில் வரிசைக்கு ஓட வேண்டியதில்லை. டீசல் கிடைக்காத காலத்தில் பில்டரும் கிடைக்காது. மேலதிகமாக ஒரு பில்டரும் ஒரு பெல்ற்றும் எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

கானில் சேர்த்து வைப்பது

வேண்டாம். 2022இல் கானுக்கு எரிபொருள் கொடுப்பதை அரசாங்கம் தடைசெய்தது; பதுக்கி வைத்தவர்களைப் பொலிஸார் பிடித்தார்கள். சட்டத்தை விட்டாலும், டீசல் பெற்றோலைப் போல உடனே பற்றாது என்ற துணிவில் குசினிக்குப் பக்கத்தில் அடுக்கி வைப்பது குடும்பத்தின் உயிரோடு விளையாடுவது. நாளாக நாளாக அதில் ஈரம் சேர்ந்து, கிருமி வளர்ந்து, பாசிபோல் ஒன்று படியும். அதை ஊற்றினால் பில்டர் அடைக்கும். உழவு இயந்திரத்துக்கோ நீர்ப்பம்புக்கோ உண்மையாகவே தேவைப்படுகிறவர்கள் பிரதேச செயலகத்தினூடாகவும் கமநல சேவை நிலையத்தினூடாகவும் அனுமதி கேட்பதே வழி.

கடதாசிகளைச் சரிசெய்யுங்கள்

கியூஆர் முறையில் ஒருவருக்கு எவ்வளவு டீசல் என்பதைத் தீர்மானித்தது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவு. செசி எண்ணும் வாகன வகையும் அங்கிருந்தே எடுக்கப்பட்டன. வான் என்று எழுதியிருந்தால் 20, லொறி என்று எழுதியிருந்தால் 50. பார்வைக்கு ஒரே அளவாக இருக்கும் இரண்டு வாகனங்களில் சிங்கிள் கெப் பெரும்பாலும் லொறியாகவும், டபிள் கெப் ‘டுவல் பேர்பஸ்’ ஆகவும் பதிவாகியிருக்கும். வாங்கும்போதே பதிவுச் சான்றிதழில் அந்த வரியைப் படியுங்கள். உரிமை மாற்றாமல் ‘ஓப்பன் பேப்பர்’ உடன் வருடக்கணக்காக ஓடுகிறவர்கள் இந்த மாதமே பெயரை மாற்றுங்கள். மறுபடியும் பங்கு முறை வந்தால், பதிவில் பெயர் இருப்பவருக்கே முதல் உரிமை.

பழைய வாகனம் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், இருந்த பிக்கப்புகளின் விலை வருடத்துக்கு வருடம் ஏறியது. ஓட்டித் தேய்ந்த வாகனம் வாங்கிய விலைக்கு மேலே விற்றது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியும் திறக்கப்பட்டது. வாகனத்தை விற்று இலாபம் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் இனி லீசிங் எடுக்க வேண்டாம். வருடத்துக்கு வருடம் விலை இறங்கும் ஒரு கருவியாகவே அதைக் கணக்கில் எழுதுங்கள்.

மாதம் 1,000 கிலோமீற்றர்கூட ஓட வேலையில்லாதவருக்குச் சொந்தப் பிக்கப் கட்டாது. தேவைப்படும் நாளில் ஹயருக்குப் பிடிப்பது மலிவு. வேலை இருக்கிறவர்கள், லீசிங், சம்பளம், காப்புறுதி மூன்றுக்குமாக இரண்டு மாதத் தொகையை வங்கியில் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். மேலே போட்ட உதாரணத்தில் அது 240,000 ரூபா. அந்தத் தொகை சேரும்வரை இரண்டாவது வாகனம் வாங்க வேண்டாம்.